பராமரிப்பே வேண்டாத செடிக்கு நான் கொடுத்த விலை

தக்கலைப் பக்கம் சரிவான நிலத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், கொத்தனார் கணக்கு முடித்துப் போன பிறகுதான் முற்றத்துத் தலைவலி தொடங்கும். செம்மண்ணை வெட்டி மட்டம் செய்து வீட்டை எழுப்பிவிடுகிறோம். வெட்டுப்பட்ட சரிவு அப்படியே மொட்டையாக நிற்கும். குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிறது. முதல் மழைக்கே சிவப்புத் தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. கணவர் மஸ்கட்டில். மாமியாருக்கு முட்டுவலி. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. புல்தரை போட்டுத் தண்ணீர் ஊற்றி வெட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. தோட்டம் அமைத்துத் தருகிற ஒருவரை அழைத்து, மண் அரிக்கக் கூடாது, ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்க வேண்டும், எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று சொன்னேன். “பராமரிப்பே வேண்டாத செடி ஒன்று இருக்கிறது அக்கா” என்றார். மண் அரிப்பும் நின்றது, பச்சையும் வந்தது. அந்த இரண்டிலும் அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது நிபந்தனைக்காகப் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். நடுவதற்கு முன் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பணமும் பக்கத்து வீட்டுப் பேச்சுவார்த்தையும் மிஞ்சியிருக்கும்.

செடியின் பெயர் வெடேலியா. நர்சரிகளில் பை 10 ரூபாய்க்குக் கிடைக்கும். சிலர் சிங்கப்பூர் டெய்சி என்று விற்பார்கள். சிங்கப்பூருக்கும் அதற்கும் பிறப்பில் தொடர்பில்லை; மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் ஆகியவைதான் அதன் சொந்த ஊர். சூரியகாந்திக் குடும்பம். தடித்த, பளபளப்பான கரும்பச்சை இலை. இலையின் இருபுறமும் ஒவ்வொரு பல் துருத்திக்கொண்டு நிற்பதால் முழு இலையும் மூன்று கூர்களாகத் தெரியும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றை மஞ்சள் பூ. சரிவை ஒழுங்கு செய்து, நடைகல் பதித்து, செடி நட்டுத் தர 42,000 ரூபாய் வாங்கினார். மே கடைசியில் நட்டோம். ஜூன் மழையில் பிடித்தது. ஓணத்துக்குள் செம்மண் கண்ணுக்குத் தெரியவில்லை. மஸ்கட்டுக்கு வீடியோ அழைப்பில் காட்டிப் பெருமைப்பட்டேன். வந்தவர்கள் எல்லாம் குச்சி கேட்டார்கள். நல்ல வேளையாகப் பாதிப்பேருக்குக் கொடுக்க மறந்துவிட்டேன்.

முதலில் சந்தேகப்பட்டவர் மாமியார். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இனம்தான் இது என்று அந்தத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பெயரைக் கேட்டதுமே கடைவதற்குப் பறிக்கலாம் என்று மாமியார் கூடையோடு இறங்கினார். வள்ளலார் போற்றிய கீரை ஆயிற்றே. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “இது அதில்லை. அந்த இலை நீளமாக, சொரசொரப்பாக இருக்கும், இப்படிப் பல் இருக்காது, இவ்வளவு மினுக்கமும் இருக்காது” என்று கூடையைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் சொன்னது சரி. இரண்டும் நெருங்கிய உறவுதான். பூவும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். உறவு என்பதற்காக வாயில் போட முடியாது. முற்றத்தில் படர்ந்திருப்பதைக் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறிக்கிறவர்கள் தயவுசெய்து இலையின் ஓரத்தைப் பாருங்கள். மூன்று கூர் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது மழைக்காலத்தில்தான் செடி தன் குணத்தைக் காட்டியது. நடைகல்லை மூடியது. கிணற்றுச் சுவரில் ஏறி உள்பக்கம் தொங்கியது. சாக்கடைக் குழாயின் வாயை அடைத்தது. எங்களுக்கும் பக்கத்து விளைக்கும் (தோட்டத்துக்கும்) நடுவிலிருந்த கையாலை என்கிற எல்லைச் சுவரைத் தாண்டி, அங்கே சித்தி போட்டிருந்த மஞ்சளுக்கும் சேம்புக்கும் மேலே பாய் விரித்தது. சித்தி என்று கூப்பிடுவேனே தவிர இரத்த உறவில்லை. ஆனாலும் மீன் வாங்கினால் பாதி எங்கள் வீட்டுக்கு வரும் அளவுக்குப் பழக்கம். “மக்களே, உன் பூவை உன் விளையிலே வைத்துக்கொள்” என்று ஒருநாள் வேலியில் நின்று சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மீனும் வரவில்லை, பேச்சும் இல்லை. எனக்கு அதுதான் பணத்தைவிடப் பெரிய வலி.

அதோடு நத்தை. ஆப்பிரிக்க நத்தை எங்கள் பக்கமும் கேரளத்திலும் எவ்வளவு தொல்லை என்று தெரிந்திருக்கும். முழங்கால் உயரத்துக்கு நெருங்கி, அடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் விரிப்பைவிட அதற்கு வேறு நல்ல வீடு கிடைக்காது. இரவில் டார்ச் அடித்தால் சுவர் முழுவதும் ஊர்ந்துகொண்டிருக்கும். மூளையைப் பாதிக்கும் ஒட்டுண்ணி அந்த நத்தையில் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு பொறுக்கி உப்புக்கரைசலில் போடுவேன். ஒருநாள் மாலை, பிள்ளையின் பந்தை எடுக்கச் செடியை விலக்கியபோது உரித்துப்போட்ட பாம்புச் சட்டை கிடந்தது. எந்தப் பாம்பு என்று ஆராயும் தைரியம் எனக்கு இல்லை. அன்றே முடிவு செய்தேன், இது போக வேண்டும்.

வெட்டினால் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்த தம்பி, முழுச் சரிவையும் ஒரே நாளில் மழித்துவிட்டு 1,800 ரூபாய் வாங்கிப் போனார். இயந்திரத்தின் நைலான் கயிறு தண்டுகளை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி நாலாபக்கமும் எறிந்திருந்தது. ரோஜாத் தொட்டிகளுக்குள், கார் நிறுத்துமிடத்துச் சரளையில், மாடிப்படியின் இடுக்கில் எல்லாம் துண்டுகள். அந்தத் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேசான செம்மை கலந்த பச்சை, மேலே மெல்லிய மயிர். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை. கணுவின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் வெளிறிய சிறு புடைப்புகள் தெரியும். அவை ஈரத்துக்காகக் காத்திருக்கும் வேர்கள். நனைந்த சிமெண்டுப் படியில் கிடந்த ஒரு துண்டை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். மண்ணே இல்லாத அந்தப் படியில், வாரம் முடிவதற்குள் புடைப்பிலிருந்து வெள்ளை வேர் கிளம்பி ஓரத்து அழுக்கில் இறங்கியிருந்தது. இந்தச் செடி விதையால் பரவுவது அபூர்வம், பரவுவதெல்லாம் துண்டுகளால்தான். இயந்திரத்தை விட்டு வெட்டுவதும் நாமே நட்டுக் கொடுப்பதும் அதற்கு ஒன்றுதான். இது விளங்குவதற்குள் இன்னொரு முறையும் வெட்டக் கூலி கொடுத்திருந்தேன்.

வெட்டிய குப்பை எங்கே போனது என்பதையும் அப்போது நான் கேட்கவில்லை. அந்தத் தம்பி சாக்கில் கட்டிச் சானல்கரையில் கொட்டியிருக்கிறார். இப்போது அங்கே கரை நெடுக மஞ்சள் பூ. சானல் தண்ணீரில் ஒரு துண்டு மிதந்து போனால் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே குடியேறும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடியும் இருக்கிறது. ஆப்பிரிக்க நத்தையும் அதே பட்டியலில்தான். இரண்டையும் ஒன்றாக என் முற்றத்தில் வைத்திருந்தேன். இது தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்காட்சிக்கு டிக்கெட் போட்டிருக்கலாம்.

உரக்கடையில் கேட்டபோது களைக்கொல்லி அடியுங்கள், வேரோடு கருகும் என்றார்கள். கிணறு அந்தச் சரிவின் அடியில்தான் இருக்கிறது. குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில். கையாலைக்கு அப்பால் சித்தியின் மகன் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன வட்டாரத்தில் பூத்திருக்கும் செடி மீது மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலும், கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. கடையில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கிணறோ தேனீயோ பக்கத்தில் இருந்தால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

எனக்கு வழி சொன்னவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் அண்ணாச்சி. தேங்காய் போட ஆள் கேட்டுப் போன இடத்தில் என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவரே வந்து பார்த்தார். புது ரப்பர் நடும் இடங்களில் முக்கூனா என்றொரு கொடியை மூடுபயிராக விதைப்பார்கள். மண்ணைப் பிடிக்கும், தழைச்சத்தும் சேர்க்கும். ஆனால் கண்ணயர்ந்தால் கன்று மேல் ஏறிச் சுருட்டிவிடும். “மூடுபயிர் விதைக்கிற அன்றைக்கே, அதைக் கன்றிலிருந்து அறுத்து விலக்குகிற கூலியையும் கணக்கில் எழுதிவிடுவோம் மக்களே. ரப்பர் வளர்ந்து நிழல் விழுந்தால் அது தானே மெலிந்துவிடும். உன் முற்றத்தில் இதைத் தடுக்க நிழலும் இல்லை, கூலியும் எழுதவில்லை” என்றார். தரையை மூடுகிற செடியைப் பற்றி இவ்வளவு உருப்படியான பேச்சை எந்த நர்சரியிலும் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எந்தச் செடி வாங்கினாலும் எவ்வளவு வேகமாகப் படரும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். எதில் போய் நிற்கும், பிடிக்காவிட்டால் எப்படி எடுப்பது என்று கேட்கிறேன். பதில் சொல்லத் திணறினால் அந்தச் செடி வேண்டாம்.

மழைக்காலத்தில் கை வைக்காதே, தை பிறக்கட்டும் என்று அவரே சொன்னார். அதுதான் காரியத்தைப் பாதியாகக் குறைத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்திருப்பதால் பிடுங்கிய துண்டு மறுபடி ஊன்றுவது குறைவு. சரிவின் மேல்பக்கத்திலிருந்து, கட்டில் அகலத்துக்கு ஒரு பட்டை என்று கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டோம். இரண்டு அக்காமார் அரிவாளால் ஓரத்தை அறுத்து விரிப்பை அப்படியே சுருட்டிக்கொண்டு வர, பின்னால் அண்ணாச்சி மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறுவார். கிளறிய மண்ணை நான் கையால் துழாவி, கணு உள்ள எல்லாவற்றையும் பொறுக்கி வாளியில் போடுவேன். ஒரு பட்டை சுத்தமாகாமல் அடுத்ததைத் தொடவில்லை. தென்னந்தூரில் மட்டும் மண்வெட்டி படாமல் கையால்தான் எடுக்க வேண்டியிருந்தது. நகக்கண்ணில் மண் ஏறி இரவெல்லாம் குத்தும். வாரியதை உரக்குழியில் போடவே கூடாது. மாடித் தளத்தில் தார்ப்பாய் விரித்துப் பரப்பி, தண்டு ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை வெயிலில் காயவிட்டேன். மேலே காய்ந்து அடியில் பச்சையாக இருக்கும் என்பதால் இரண்டொரு நாளைக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும்.

கிணற்றடியிலும் சுவர் ஓரத்திலும் கல்லிடுக்கில் வேர் சிக்கியிருந்ததால் கிளற முடியவில்லை. அங்கே தரை மட்டத்துக்கு அறுத்துவிட்டுத் தடித்த கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்து, கோடை முழுவதும் அப்படியே விட்டோம். வெளிச்சமும் இல்லை, அடியில் அடுப்புச் சூடு. ஓரம் திறந்திருந்தால் அந்த இடைவெளி வழியே தளிர் எட்டிப் பார்க்கும். அதனால் தினமும் ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது. தார்ப்பாய்க்கு 4,800 ரூபாய். ஆண்கூலி இங்கே நாளுக்கு 1,100, பெண்கூலி 650. ஒரே வேலையை ஒரே வெயிலில் செய்தவர்களுக்கு இரண்டு கூலி என்பது எனக்கு ஒப்பவில்லை. அக்காமாருக்குக் கூட்டித்தான் கொடுத்தேன். கூலி மட்டும் 31,000 ஆயிற்று. நட்ட கூலி, வெட்டிய கூலி, பிடுங்கிய கூலி, தார்ப்பாய் எல்லாம் சேர்த்தால் 80,000 ரூபாய்க்கு மேல். சித்தியின் விளையில் ஏறியதையும் என் செலவிலேயே எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. ஆனால் மறுவாரம் வாசலில் ஒரு கிண்ணம் சாளைமீன் குழம்பு இருந்தது.

பிடுங்கியதும் வேலை முடிந்தது என்று படுத்துவிடாதீர்கள். சித்திரையில் முதல் கோடைமழை விழுந்ததும் தப்பிய கணுவெல்லாம் கையைத் தூக்கும். அதுதான் அவற்றைப் பிடிக்கச் சரியான நேரம். இரண்டிலைப் பருவத்தில் ஈரமண்ணில் விரலால் இழுத்தாலே வேரோடு வரும். ஒரு மாதம் விட்டால் மறுபடி ஆள் கூப்பிட வேண்டும். இப்போதும் காலையில் காபிக் கோப்பையோடு நடக்கும்போது ஒன்றிரண்டு கிடைக்கத்தான் செய்கிறது.

சரிவு மறுபடி மொட்டையாகிவிட்டதால் அடுத்த ஜூனுக்குள் எதையாவது நட்டாக வேண்டும். இந்த முறை ஒரே செடியை எல்லா இடத்துக்கும் போடவில்லை. முதலில் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டிவேர் நட்டேன். நம் ஊர் வெட்டிவேர் விதை விழுந்து பரவுவதில்லை. வைத்த இடத்திலேயே தூர் கட்டி, ஆளுயரத்துக்கும் மேல் ஆழமாக வேர் இறக்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாற்றுக்கு நாற்று ஒரு கைப்பிடி இடைவெளிதான். தள்ளி நட்டால் தண்ணீர் நடுவில் புகுந்து மண்ணைக் கொண்டுபோகும். வரிசைகளுக்கு நடுவே தென்னைநார் வலையை விரித்து மூங்கில் முளை அடித்தோம். செடி பிடிக்கும் வரை மழையடியை அது தாங்கும், பிறகு மக்கிப் போகும்.

வலையின் கண்களுக்குள் நட்டது, பூவுக்காக வளர்க்கிற படர் வேர்க்கடலை. இதுவும் வெளியூர்தான், பிரேசில். ஆனால் பயறுவகை என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்துக்கொள்ளும், யூரியா வேண்டாம். நான்கு நான்காகச் சிற்றிலை, சாயங்காலமானால் மடங்கிவிடும். மஞ்சள் பூ இதிலும் உண்டு, அந்த ஆசையும் போகவில்லை. நட விரும்புகிறவர்கள் பை வாங்க வேண்டாம். மூன்று நான்கு கணு உள்ள முற்றிய தண்டாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, ஒரு சாணுக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். மழை தொடங்கும் வாரத்தில் நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம். ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: முதல் இரண்டு மூன்று மாதம் இது ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். அந்த இடைவெளியில் கோரையும் தொட்டாற்சுருங்கியும் முந்திக்கொள்ளும். அப்போது மட்டும் உட்கார்ந்து களை எடுத்தே ஆக வேண்டும். அதைத் தவறவிட்டு, செடி சரியில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம். மூடிய பிறகு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கணுக்காலுக்குக் கீழே வெட்டிவிட்டால் நெருக்கமாகத் தழைக்கும், நத்தைக்கும் மறைவு கிடைக்காது. பங்குனி வெயிலில் இலை வெளிறி மடங்கினால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நன்றாக நனையும்படி தண்ணீர் விட வேண்டும். மேலாகத் தெளிப்பதால் பயனில்லை.

இதுவும் ஓடுகிற செடிதான். ஆகவே ஓரமெல்லாம் செங்கல்லைக் குத்துவாக்கில் பாதி புதைத்து வரம்பு கட்டினேன். தென்னைக்கும் கிணற்றுக்கும் இரண்டு அடி வெற்று வட்டம் விட்டிருக்கிறேன். வட்டத்துக்குள் நுழைவதை மாதம் ஒருமுறை அரிவாளால் அறுத்துவிடும் கூலியை இந்த முறை முதலிலேயே எழுதிவிட்டேன். மாமரத்து நிழலில் வேர்க்கடலை மெலிந்ததால் அங்கே முறிகூட்டி வைத்தேன். அடியில் ஊதாவும் மேலே வெள்ளிப்பச்சையுமாக, நிழலில் நன்றாக வரும். குளியலறைக்குப் பின்னால் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் வல்லாரை, ஆனால் சோப்புத் தண்ணீர் போகிற இடத்தில் வளர்ந்ததைச் சமையலுக்குப் பறிப்பதில்லை. பிள்ளைகள் ஓடுகிற முன்பக்கத்து வெயிலில் வயல்வரப்பிலிருந்து எடுத்துவந்த பொடுதலை. மிதித்தாலும் சாகாது, காய்ந்தாலும் மழைக்கு மீளும். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும் என்பதால் அப்போது மட்டும் பிள்ளைகளைச் செருப்புப் போடச் சொல்கிறேன். வெட்டிவேர், வலை, செங்கல், நாற்று எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குள் முடிந்தது.

கடைசியாக, மண் வாங்குகிறவர்களுக்கு. தொட்டி நிரப்ப ஒரு டெம்போ செம்மண் இறக்கினேன். எங்கேயோ சாலையோரத்தில் தோண்டிய மண். கொட்டிய குவியலுக்குள் மூன்று கூர் இலையோடு அதே தண்டு, பாதி நசுங்கிக் கிடந்தது. டிரைவரிடம் காட்டினால், “இது நல்ல பூச்செடி அக்கா, சும்மா வந்திருக்கிறது, நட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார். அடுத்த லோடு வந்தபோது கொட்டவிடாமல் டெம்போவில் ஏறி, கம்பியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். நீங்களும் ஏறிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மண்ணைச் சிமெண்டுத் தரையில் கொட்டி, முழுவதும் காய்ந்த பிறகு சலித்து எடுங்கள்.